அடைக்கலங்குருவிக்கு ஒரு மாடம்

காஞ்சி மாநகரின் தென்புறத்தில், பாலாற்றங்கரையை ஒட்டி அமைந்த திருத்தலம் செவிலிமேடு. லட்சுமி நரசிம்மர் எழுந்தருளியுள்ள இவ்வூரை வைணவ உலகம் நன்றியோடு நினைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது இங்குள்ள ஒரு கிணறு. 'சாலைக் கிணறு' என்று அதற்குப் பெயர்.

காஞ்சியை அடுத்த திருப்புட்குழியில் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றுவந்தார் இளம் ராமாநுஜர். குருவுடன் சென்ற காசி யாத்திரையில் தமக்கு நேரவிருந்த ஆபத்தை அறிந்து, விந்திய மலைக் காட்டில் அவர் தனியே பிரிந்தார். வழியறியாது தவித்தவருக்கு ஒரு வேடுவத் தம்பதியர் துணையாக வந்தனர். இரவில் வேடுவப் பெண் தாகம் என்றாள். பொழுது புலர்ந்ததும் ராமாநுஜர் அருகிலிருந்த கிணற்றில் இறங்கி, கைகளில் நீரை முகந்து வந்து கொடுத்தார். மும்முறை கொடுத்து, மீண்டும் முகந்து வந்தபோது இருவரையும் காணவில்லை. சற்றுத் தொலைவில் புண்ணியகோடி விமானம் தெரிந்தது. வந்தவர்கள் பேரருளாளனும் பெருந்தேவித் தாயாருமே என்று உணர்ந்து அவர் உருகினார். பின்னர் திருக்கச்சி நம்பிகள் அருளியபடி, அக்கிணற்றிலிருந்து நாள்தோறும் ஒரு குடம் நீர் சுமந்துசென்று வரதனுக்குக் கைங்கர்யம் செய்தார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தாகம் என்று கேட்டவர் இன்னார் என்று அறிந்து ராமாநுஜர் நீர் கொடுக்கவில்லை. கேட்டவர் ஒரு வேடுவப் பெண் என்றே எண்ணிக் கொடுத்தார். வந்தவர் யாராயினும் இடமும் நீரும் தருவதே இல்லறத்தான் கடமை. அவ்வாறு நம் வாசலுக்கு வந்துபோகும் உயிர்களுள் மிகச் சிறியதும், நம்மை மிகவும் நம்பியதும் ஒன்றுண்டு. அதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் அடைக்கலங்குருவி.

பெயரே சொல்லும் பொருள்

சிட்டுக்குருவி, வீட்டுக்குருவி, ஊர்க்குருவி என்று பல பெயர்கள் வழங்கினும் 'அடைக்கலங்குருவி' என்ற பெயருக்கு ஈடில்லை. காட்டை நாடாமல் மனிதர் வாழும் வீட்டையே தஞ்சமாகக் கொண்டு, அவ்வீட்டிலேயே கூடு கட்டும் பறவை அது. சரணாகதியை உயிர்நிலையாகக் கொண்ட சம்பிரதாயத்தில் வந்த நமக்கு இப்பெயரின் ஆழத்தை விளக்கவும் வேண்டுமோ? விபீஷணனுக்கு அபயம் அளிக்கும் வேளையில், தன்னை அண்டி வந்த வேடனுக்குத் தன் உடலையே உணவாக்கிய புறாவின் கதையைத்தான் ராமபிரான் சுக்ரீவனுக்கு எடுத்துரைத்தான். அடைக்கலம் தருவதற்கு ஒரு பறவையே அங்கு ஆசானாயிற்று.

காஞ்சியைச் சுற்றிலும் பறவையின் நினைவு பதிந்திருக்கிறது. திருப்புட்குழி என்னும் திவ்ய தேசத்தின் பெயரில் வரும் 'புள்', சீதாபிராட்டிக்காக உயிர் ஈந்த ஜடாயுவே. அங்குள்ள விஜயராகவப் பெருமாள் ஜடாயுவுக்கு ஈமக்கடன் ஆற்றிய கோலத்தில் வணங்கப்படுகிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் திருக்கரத்தில் அமரும் கிளி, நாள்தோறும் பசிய இலைகளாலும் மலர்களாலும் புதிதாகச் செய்யப்படுகிறது. காஞ்சிப் பட்டிலும் மயிலும் அன்னமும் கிளியும் சரிகையில் உலவுகின்றன. கோயிலிலும் புடவையிலும் போற்றும் பறவைக்கு, உயிரோடு வந்து நம் வீட்டில் தங்க இன்று இடமில்லை என்பதுதான் வருத்தம்.

அன்றைய வீடு அளித்தது

ஓட்டு வீடும் திண்ணையும் முற்றமும் இருந்த காலத்தில் குருவிக்கென்று எவரும் கூடு வாங்கி மாட்டியதில்லை. ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் இடையிலிருந்த சந்து அதற்குப் போதுமானதாக இருந்தது. சுவரில் சாய்ந்து தொங்கிய சுவாமி படத்தின் பின்புறம் இன்னொரு வீடாயிற்று. முற்றத்தில் நெல் உலர்ந்தது. முறத்தில் நொய் புடைக்கப்பட்டது. வாசலில் அரிசிமாக் கோலம் விரிந்தது. அறுவடைக்குப் பின் புது நெற்கதிர்களைக் குஞ்சமாகப் பின்னி வாசலில் தொங்கவிடும் வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. அழகும் மங்கலமும் நமக்கு, மணிகள் குருவிக்கு. இல்லறத்தார் நாள்தோறும் செய்யக் கடமைப்பட்ட ஐம்பெரும் வேள்விகளுள் ஒன்றான பூத யக்ஞம், இவ்வாறு தனி முயற்சியின்றியே நடந்து வந்தது.

நம் மொழியும் இதற்குச் சாட்சி. செடி வளரும் இடம் துளசி மாடம். விளக்கு எரியும் சுவர்க்குழி விளக்கு மாடம். அவ்வாறான மாடங்களில் ஒதுங்கி வாழும் பறவை மாடப்புறா. செடிக்கும் சுடருக்கும் பறவைக்கும் 'மாடம்' என்ற ஒரே சொல்லை வழங்கியது தமிழ். மூன்றும் ஒரே வீட்டில் வாழ்ந்ததால் வந்த சொல்வழக்கு அது.

இன்று செவிலிமேடு, காஞ்சிபுரம் மாநகராட்சியோடு இணைந்த பகுதியாகிவிட்டது. இங்கும், இதுபோன்ற எல்லா ஊர்களிலும், ஓடு போய்த் தளம் வந்துவிட்டது. சுவரில் சந்தில்லை, முற்றமில்லை, அரிசி கல்லும் நொய்யுமின்றிப் பைகளில் வருகிறது. கைப்பேசிக் கோபுரங்களால்தான் குருவி அழிந்தது என்று பலர் கூறுவதுண்டு. அது இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை. 2020ஆம் ஆண்டில் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, நாடு முழுவதையும் நோக்கச் சிட்டுக்குருவியின் தொகை பெருமளவு நிலையாகவே உள்ளது என்றும், பெருநகரங்களில்தான் குறைந்துள்ளது என்றும் தெரிவித்தது. ஆகவே குருவி மறைந்துவிடவில்லை. நாம் கட்டும் வீடுகளில்தான் அதற்கு இடம் மறைந்துவிட்டது. இழப்பு இத்தகையது என்றால் ஈடுசெய்வதும் நம் கையில்தான் உள்ளது.

கூடு மட்டும் போதுமா?

ஆண்டுதோறும் மார்ச் 20ஆம் நாள் உலகச் சிட்டுக்குருவி நாளாக 2010 முதல் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் மரக்கூடுகள் பல இடங்களில் வழங்கப்படுகின்றன. வாங்கி மாட்டியவர்களில் சிலர், "குருவி வரவில்லையே" என்று மனம் தளர்வதுண்டு. வேறு சிலர், "குஞ்சு பொரித்தும் பிழைக்கவில்லையே" என்று வருந்துவதுண்டு. இதற்கு ஒரு முக்கியக் காரணம், நாம் கூட்டை மட்டும் தந்துவிட்டுச் செடியை மறந்ததே.

வளர்ந்த குருவி தானியம் தின்னும். ஆனால் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு முதல் நாட்களில் தானியத்தைச் செரிக்காது. அதற்கு மென்மையான புழுவும் பூச்சியும் வேண்டும். தாயும் தந்தையும் மாறி மாறிப் பறந்து, இலைகளின் அடியிலிருந்து அசுவினியையும் சிறு புழுக்களையும் கொத்தி வந்து ஊட்டுகின்றன. சுற்றிலும் பசுமையே இல்லாத இடத்தில் கூடு மாட்டுவது, விருந்தினரை அழைத்துத் திண்ணையில் அமர்த்திவிட்டு இலை போடாமல் விடுவதற்கு ஒப்பாகும். தொட்டியும் கூடும் சேர்ந்ததே மாடம். இதை நினைவிற்கொண்டால், நான்கு அடி அகலமுள்ள பால்கனியும் ஒரு சிறு நந்தவனமாகும்.

இதிலிருந்து இன்னொன்றும் பெறப்படுகிறது. அந்தச் செடிகளுக்குப் பூச்சிமருந்து தெளிக்கலாகாது. ஓரிரு இலைகளைப் புழு தின்றால் தின்னட்டும். அது குஞ்சுக்கு வைத்த அமுது.

மாடம் அமைக்கும் முறை

மரப்பெட்டி செய்வதாயின் அடிப்பாகம் ஆறு அங்குல நீளம், ஆறு அங்குல அகலம், உயரம் எட்டு அல்லது ஒன்பது அங்குலம் போதும். வண்ணம் பூசாத மரப்பலகை சிறந்தது. நுழைவாயில் வட்டத்தின் விட்டம் 32 மில்லிமீட்டர். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியது. இதைவிடப் பெரிதானால் மைனா நுழைந்து குருவியை விரட்டிவிடும். வாயில், பெட்டியின் தரையிலிருந்து ஐந்தாறு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் குஞ்சு தவறி விழாது, பூனையின் பாதமும் உள்ளே எட்டாது. வாயிலின் கீழே அமர்வதற்கென்று குச்சி பொருத்த வேண்டா. குருவிக்கு அது தேவையில்லை. காக்கைக்குத்தான் அது உதவும். அடியில் நீர் வடிய நான்கு சிறு துளைகளும், மேற்புறம் காற்றுப்போக இரண்டு துளைகளும் இடுக. பின்னர்த் தூய்மை செய்வதற்காக ஒரு பக்கம் திறக்கும்படி இருத்தல் நலம்.

மரம் கிடைக்காவிடில் மண் கலயமே போதும். குயவரிடம் வாங்கிய சிறு கலயத்தைக் கிடையாகப் படுத்து, வாயைத் துளையிட்ட கொட்டாங்கச்சியாலோ பலகையாலோ அடைத்து, உறியைப்போல் உறுதியாகக் கட்டிவிடலாம். மண் வெப்பத்தைத் தாங்கும். அட்டைப்பெட்டி மட்டும் வேண்டா. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிக் குஞ்சுகளோடு விழுந்துவிடும்.

கூட்டை எட்டு முதல் பத்தடி உயரத்தில், கூரையின் நிழலில், உச்சி வெயிலும் மேற்கு வெயிலும் படாதவாறு அமைக்க வேண்டும். அருகில் மின்விசிறி சுழலும் அறையின் சன்னல் இருத்தல் கூடாது. குருவிகள் கூட்டமாக வாழ விரும்புபவை. இடமிருந்தால் இரண்டு மூன்று கூடுகளைச் சில அடி இடைவெளியில் மாட்டலாம்.

கூட்டுக்குக் கீழே, இடுப்பு உயரத்தில் ஒரு நீண்ட தொட்டி. அதில் செம்மண்ணோடு தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பினால் பாரம் குறையும், பால்கனிக்கும் நல்லது. இட்லிப்பூ, செம்பருத்தி, பத்துமணிப்பூ ஆகியவை அங்கு ஏற்றவை. தொட்டிக்கு மேல் கூடு இருக்கலாமேயன்றி, கூட்டுக்கு மேல் தொட்டியைத் தொங்கவிட வேண்டா; செடிக்கு ஊற்றும் நீர் வழிந்து கூட்டினுள் இறங்கிவிடும்.

துளசிக்கு ஓர் எச்சரிக்கை

பெரியோர் பலர் தயங்கும் இடம் ஒன்றுண்டு. "பறவை எச்சமிடுமே, துளசிக்கும் பூஜை மலருக்கும் ஆசாரக் குறைவு நேராதோ?" என்பது அவர்கள் வினா. தயக்கம் நியாயமானது; தீர்வும் எளியது. துளசி மாடத்தைக் கூட்டுக்கு நேர்க் கீழே வைக்கலாகாது. காலை வெயில் படும் கிழக்கு மூலையில், கூட்டிலிருந்து நான்கைந்து அடி தள்ளித் தனியே வைத்துக்கொள்க. நந்தியாவட்டை போன்ற அர்ச்சனை மலர்ச் செடிகளையும் துளசியின் பக்கமே அமைக்கலாம். கூட்டின் அடியில் இருக்கும் செடிகளின் மலர்கள் செடியிலேயே மலர்ந்து வாடட்டும். அவற்றைத் தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் உண்ணும். விழும் எச்சமோ அத்தொட்டிக்கே எருவாகும்.

துளசி மாடத்தில் உள்ள விளக்குக் குழியையும் குருவி விரும்பும் என்பதால், ஏற்றாத நேரத்தில் அதைச் சிறு பலகையால் மூடிவைப்பது நன்று. வைக்கோல் கொண்டு கட்டிய கூட்டின் அருகே சுடர் எரிவது ஆபத்து.

ஒரு கிண்ணம் நீர், ஒரு பிடி தானியம்

கூட்டில் குருவி குடிவர மாதங்கள் ஆகலாம். ஆனால் நீர்க் கிண்ணத்துக்கு விருந்தினர் விரைவில் வந்துவிடுவர். வாயகன்ற மண் தட்டில் ஓர் அங்குல ஆழம் நீர் போதும். நடுவில் ஒரு சிறு கல்லை வைத்தால் பறவைக்குக் கால் ஊன்ற இடமாகும். நாள்தோறும் தட்டைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்ற வேண்டும். தேங்கிய நீரில் கொசு பெருகும். அது தருமத்துக்குப் பதில் நோயைத் தரும். கோடையில் காலையும் மாலையும் நீர் வைப்பது சிறப்பு.

தானியத்தில் கம்பு, தினை, நொய் ஆகியவை ஏற்றவை. உப்பும் எண்ணெயும் சேர்ந்த பண்டங்களைத் தவிர்க்கவும். ஒரு வேளையில் தின்று தீரும் அளவே வைக்க வேண்டும். மிஞ்சினால் எலியும் புறாக்கூட்டமும் சேரும். கூட்டுக்குச் சற்றுத் தள்ளியே தானியம் வைத்தல் நலம்.

கூடு கட்ட உதவுவதாக எண்ணிச் சிலர் நூலும் நைலான் இழையும் வைப்பர். தறி உள்ள வீடுகளில் நூல் துண்டுகள் எப்போதும் கிடக்கும். நீளமான நூல் குஞ்சின் காலில் சுற்றி இறுகி அதை ஊனமாக்கிவிடும். ஆகவே நூல் கழிவைப் பெருக்கி அகற்றிவிட்டு, உலர்ந்த புல்லையும் சிறு தேங்காய் நாரையும் மட்டும் வைக்கவும்.

முதியோர் தம்மையும் காத்துக்கொள்ள வேண்டும். கூடு மாட்டுவதற்கோ இறக்குவதற்கோ நாற்காலி மீது ஏற வேண்டா. மகனையோ பேரனையோ அழையுங்கள். உலர்ந்த எச்சத்தின் தூசி, குறிப்பாகப் புறா எச்சத்தின் தூசி, நுரையீரலுக்குத் தீங்கு செய்யவல்லது. நீர் தெளித்து நனைத்தபின், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டே துடைக்க வேண்டும். மூச்சு நோய் உள்ளவர்கள் இப்பணியைப் பிறரிடம் விட்டுவிடுவது நலம்.

எட்டிப் பாராத விரதம்

குடிவந்த பின் குருவி மூன்று முதல் ஐந்து முட்டைகள் இடும். இரு வாரங்களுக்குள் குஞ்சு பொரியும். மேலும் இரு வாரங்களில் குஞ்சு பறந்துபோகும். இந்த ஒரு மாதமும் நாம் செய்ய வேண்டிய கைங்கர்யம், ஒன்றும் செய்யாதிருத்தலே. கூட்டைத் திறந்து பார்ப்பதும், விளக்கடித்துப் படம் எடுப்பதும், இடம் மாற்றுவதும் கூடா. பேரக் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல பொறுமைப் பயிற்சி உண்டோ? குஞ்சுகள் பறந்த பின் பழைய வைக்கோலை அகற்றிப் பெட்டியை வெயிலில் காயவைத்தால் அடுத்த ஈட்டுக்கு ஆயத்தமாகிவிடும்.

இவ்விரதத்தை ஓர் ஊரே நோற்றதுண்டு. சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020ஆம் ஆண்டு, தெருவிளக்குகளின் மின்பெட்டியில் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டது. விளக்கைப் போட்டால் கூட்டுக்குக் கேடு என்று, குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் ஊரார் இருளிலேயே இருந்தனர். நமக்கு அண்மையில் உள்ள வேடந்தாங்கலில், ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடக் கூடாது என்று உழவர்கள் முறையிட்டு, ஆட்சியர் லயனல் பிளேஸிடமிருந்து 1798ஆம் ஆண்டிலேயே பாதுகாப்பு ஆணை பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். முல்லைக்குத் தேரும் மயிலுக்குப் போர்வையும் ஈந்த பாரியும் பேகனும் அரசர்கள். பொத்தகுடியிலும் வேடந்தாங்கலிலும் அவ்வறத்தைச் செய்தவர்கள் எளிய குடிமக்கள்.

அழையாமலும் வருவோர்

தொட்டிகள் செழித்துவிட்டால், பெட்டியை நாடாத பறவைகளும் வரும். தையல்சிட்டு, அகன்ற இலைகளின் ஓரத்தை அலகால் துளைத்து, பஞ்சாலும் இழையாலும் தைத்து அதனுள் கூடு அமைக்கும். தேன்சிட்டோ, நாரையும் சருகையும் சிலந்தி இழையால் பிணைத்துக் கொடியில் பை போலத் தொங்கவிடும். பாலாற்றுப் பக்கத்துப் பனைகளில் காணும் தூக்கணாங்குருவி, புல் இழைகளைக் கோத்து நெய்யும் நேர்த்தி நெசவாளரே வியப்பது. இவற்றுக்கு நாம் கூடு செய்து தர இயலாது. செடியைத் தந்துவிட்டால் தறியை அவையே அமைத்துக்கொள்ளும்.

பறவை மீதுள்ள பக்தியால் கிளியைக் கூண்டில் வைத்து வளர்ப்போரும் உண்டு. நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் அடைத்து வைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். சட்டத்தையும் கடந்து ஓர் அறம் இதில் உண்டு. அடைத்து வைத்தல் வேறு, அடைக்கலம் தருதல் வேறு. அடைக்கலத்தில் கதவு எப்போதும் திறந்திருக்கும்.

தீர்த்த யாத்திரை செல்ல உடல் இடங்கொடாத வயதில், படியேறிச் சந்நிதியை அடைய முடியவில்லையே என்று ஏங்கும் அன்பர்கள் பலர். அவர்களுக்கு இக்கைங்கர்யம் வீட்டு வாசலிலேயே காத்திருக்கிறது. ஒரு தொட்டி, ஒரு கலயம், ஒரு தட்டு நீர். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. காலையில் துளசிக்கு நீர் வார்த்து வலம்வந்த கையோடு, குருவியின் தட்டையும் கழுவி நிரப்புங்கள். கூட்டில் ஆண்டு முழுவதும் எவரும் குடிவராமல் போனாலும் மனம் தளர வேண்டா. இடம் வைத்துக் காத்திருப்பதே நம் பங்கு; வருவதும் தங்குவதும் அவன் திருவுள்ளம்.